என்னத்த அழிச்சான்? - குழந்தைகளும் காப்பவர்களின் சொற்களும்

1

1990களின் கடைசியில் ஒரு சிறுபத்திரிகையில் என் கதை ஒன்று வந்தது. தென்காசிப் பக்கத்துப் பீடிக் கிராமம். தட்டைத் தூக்கிக்கொண்டு பீடிக்கடைக்குப் போகும் பதினோரு வயதுப் பிள்ளை. கடைக்காரன். நடந்ததை நான் ஒரே சொல்லில் முடித்திருந்தேன்: ‘கற்பழித்தான்’. போதாக்குறைக்கு, கடைசி வரியில் அவள் வாழ்க்கையே அழிந்துபோனது என்றும் எழுதியிருந்தேன். 300 பிரதி அச்சாகிற பத்திரிகை. நண்பர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். பிரதி ஒன்று எப்படியோ பீடித் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்த ஓர் அக்காவின் கைக்குப் போய்விட்டது. அடுத்த கூட்டத்தில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

“தம்பி, கதைய வாசிச்சேன். கற்பழிச்சான்னு போட்டிருக்கியே, என்னத்த அழிச்சான்? அந்தப் புள்ள முழுசாத்தான இருக்கா. பீடி சுத்துதா, பள்ளியோடம் போறா. தப்புப் பண்ணுனது அவன். அழிஞ்சதா நீ எழுதுறது இவள. இது என்ன கணக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் ‘சொல்லாடல்’ என்ற சொல்லைப் புதுச் செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். மொழிக்குள் அதிகாரம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள். ஆனால் என் கதையின் நடு வரியில் ஆணாதிக்கமும் சாதியக் கற்புக் கருத்தியலும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததைக் காட்டிக்கொடுக்க எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் அக்கா வர வேண்டியிருந்தது.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான தாமதமான பதில். குழந்தைகளைப் பாலியல் சுரண்டலிலிருந்து காக்க உலக அளவில் நடந்த முயற்சிகளைச் சொற்களின் வரலாறாக வாசித்துப் பார்க்கிறேன். யாரைக் குழந்தை என்கிறார்கள்? குற்றவாளியை எங்கே தேடுகிறார்கள்? குழந்தை சொன்ன சொல் என்ன ஆகிறது? இந்த மூன்றில் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

2

1885இல் லண்டனில் வில்லியம் ஸ்டெட் என்ற பத்திரிகையாசிரியர், சிறுமிகள் விலைக்கு வாங்கப்படுவதை அம்பலப்படுத்தத் தானே பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை ‘வாங்கி’க் காட்டித் தொடர் எழுதினார். நகரமே கொந்தளித்தது. அதே ஆண்டில் உடலுறவுக்குச் சம்மதம் தரும் வயது 13லிருந்து 16ஆகச் சட்டத்தில் உயர்ந்தது. ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறை. ஏன் தெரியுமா? சிறுமியின் தந்தையிடம் சம்மதம் வாங்கவில்லை என்பதற்காக. சிறுமி தகப்பனின் உடைமை என்பதுதான் சட்டத்தின் பார்வை. அதே சட்டத்தில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்றையும் செருகினார்கள். பத்து வருஷம் கழித்து ஆஸ்கார் வைல்டை உள்ளே தள்ளியது அந்தப் பிரிவுதான். காப்பாற்ற வருகிற சட்டம் கையோடு இன்னொருவனுக்கு விலங்கும் கொண்டுவரும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

முதல் சர்வதேச உடன்படிக்கை 1904இல் பாரிஸில் கையெழுத்தாயிற்று. பெயர்: ‘வெள்ளை அடிமை வணிகத்தை’ ஒடுக்குதல். 1910 ஒப்பந்தத்துக்கும் அதே பெயர். யாருடைய பிள்ளை கடத்தப்பட்டால் உலகத்துக்கு வலிக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 1921இல் சர்வதேச சங்கத்தின் ஒப்பந்தம் ‘வெள்ளை’யை எடுத்துவிட்டு ‘பெண்கள், குழந்தைகள்’ என்று எழுதியது. ஆண் குழந்தைகளையும் சேர்த்தது. வயது வரம்பை 21ஆக வைத்தது. முன்னேற்றந்தான். ஆனால் இந்தியாவின் பெயரில் கையெழுத்துப் போட்ட காலனிய அரசு ஒரு விலக்குக் குறிப்பும் சேர்த்தது: இந்தியாவில் 21க்குப் பதில் 16 என்று வைத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு. ஒரே தாளில் இரண்டு குழந்தைமை. ஐரோப்பியப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருபத்தொன்று வரை. நம் ஊர்ப் பிள்ளைக்குப் பதினாறோடு சரி.

வெள்ளைக்காரன் மட்டுந்தான் இப்படி என்று நாம் நிமிர்ந்து உட்கார முடியாது. 1889இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, பத்துப் பதினோரு வயதிருக்கும், கணவனால் செத்தாள். மனைவிக்குப் பத்து வயது முடிந்திருந்தால் வல்லுறவு ஆகாது என்றது அன்றைய சட்டம். கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல். 1891இல் அந்த வயதைப் பன்னிரண்டாக்க மசோதா வந்தபோது, எங்கள் மதத்தில் கை வைக்காதே என்று எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர். தேசியம் என்ற பெருங்கதையாடல் குழந்தையின் உடலை வேலியாக நட்டுக்கொண்டது. மசோதா நிறைவேறியது. ஆனாலும் மனைவி என்றால் விலக்கு என்பது தொடர்ந்தது. 15 முதல் 18 வயதுவரையுள்ள மனைவிக்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 அக்டோபரில். கணக்குப் போட்டுப் பாருங்கள், 126 வருஷம்.

3

1989இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை வந்தது. 1992இல் இந்தியா சேர்ந்தது. பாலியல் சுரண்டலிலிருந்து காப்பாற்றும் பொறுப்பை 34ஆம் பிரிவு அரசுகளின் தலையில் வைக்கிறது. 12ஆம் பிரிவைப் பற்றி நம்மவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. குழந்தையைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அது.

1990இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த ஒரு கலந்தாய்விலிருந்து எக்பாட் இயக்கம் பிறந்தது. ஆசியச் சுற்றுலாவில் குழந்தைகள் விற்கப்படுவதை நிறுத்து என்பதே அதன் முழக்கம். ஆஸ்திரேலியா 1994இல், வெளிநாட்டில் போய்க் குழந்தையிடம் குற்றம் செய்துவந்த தன் குடிமகனை உள்ளூரிலேயே விசாரிக்கச் சட்டம் போட்டது. 1996 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலக மாநாட்டில் 122 அரசுகள் உறுதிமொழி எடுத்தன. பிறகு 2001இல் யோகோஹாமா, 2008இல் ரியோ. இவற்றை ஏகாதிபத்தியச் சதி, என்.ஜி.ஓ. பிழைப்பு என்று ஒரே வீச்சில் ஒதுக்குகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விமானம் ஏறிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றிருந்த நிலையை மாற்றியது இந்த உழைப்புதான்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ‘சுற்றுலாப் பயணி’ என்ற உருவம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. குற்றவாளி வெளியே இருந்து வருகிறான், தோல் நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம் என்ற நிம்மதி. ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பெல்ஜியத்தில் மார்க் துத்ரூ பிடிபட்டான். கடத்திய சிறுமிகளை அவன் அடைத்து வைத்திருந்தது ஐரோப்பாவின் நடுவில், தன் வீட்டு நிலவறையில். அந்த அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் வீதிகளில் லட்சக்கணக்கானவர்கள் வெள்ளை உடையில் நடந்தார்கள். ‘அங்கே ஆசியாவில்’ என்ற கதை அப்படித்தான் உடைந்தது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். கோவாவில் 1991இல் கைதாகி 1996இல் ஆயுள் தண்டனை பெற்ற ஃப்ரெடி பீட்ஸ் வழக்கை ‘வெளிநாட்டுப் பயணிகள்’ வழக்காகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வெளிநாட்டவர் வந்துபோனார்கள், உண்மை. ஆனால் பிள்ளைகள் இருந்த இடம் எது? மட்காவில் அவன் நடத்திய அனாதை இல்லம். ஊரார் மதித்த காப்பாளன் அவன். கோவா 2003இல் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததன் பின்னால் இந்த வழக்கின் நிழல் உண்டு.

2007இல் இந்திய அரசின் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்குமேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். மாமா, சித்தப்பா, டியூஷன் வாத்தியார், பக்கத்து வீட்டு அண்ணன். பாஸ்போர்ட் தேவைப்படாத ஆட்கள். ‘கலாச்சாரச் சீரழிவு’ என்று கடற்கரையைப் பார்த்துக் கைநீட்டுகிற நம் பொதுப்புத்தி, வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க ஏன் இவ்வளவு கூசுகிறது? குடும்பம் என்ற நிறுவனத்தைத் தொடாமல் இதைப் பேசவே முடியாது என்பதால்தான்.

4

காப்பாளனே செய்தால்? 2003இல் ஐ.நா. பொதுச்செயலாளர் ஓர் ஆணை வெளியிட்டார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருடன் எந்தப் பாலுறவும் ஐ.நா. ஊழியர்களுக்குக் கூடாது, வயது தெரியாது என்று சாக்குச் சொல்ல முடியாது என்றது அது. மறு ஆண்டு ஹைட்டிக்கு அமைதிப்படை போனது. 2007 நவம்பரில் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பசியோடிருந்த பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்துச் சுரண்டினார்கள் என்பது ஐ.நா.வின் உள்விசாரணை அறிக்கையிலேயே பதிவாகியிருந்தது. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் அதை வெளியே கொண்டுவந்தது: 134 பேர், ஒன்பது குழந்தைகள், சிறைக்குப் போனவர் ஒருவருமில்லை. ஐ.நா. அனுப்புகிற சிப்பாயைத் தண்டிக்கும் அதிகாரம் அவன் சொந்த நாட்டுக்குத்தான். சட்டம் அப்படி.

இதை வாசித்ததும் நம்மில் பலருக்கு ‘அந்த ராணுவத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா?’ என்று தோன்றும். தோன்ற நியாயமும் உண்டு. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ‘சுற்றுலாப் பயணி’க்குப் பதில் ‘எதிரிப் படை’ என்று ஆளை மட்டும் மாற்றியிருப்போம். 2014இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில், விமான நிலையத்தை ஒட்டிய அகதி முகாமில், ஒன்பது வயதும் பதினோரு வயதுமான பையன்கள் ஐ.நா. அலுவலரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர்கள் கைகாட்டியது பிரெஞ்சுப் படையினரை, மனித உரிமையைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளும் நாட்டின் படையை. பையன்களின் சொல் தாளில் ஏறியது. தாள் மேசை மேசையாகப் போனது. ஆண்டர்ஸ் கொம்பாஸ் என்ற ஐ.நா. அதிகாரி அதை பிரெஞ்சு அரசிடம் கொடுத்தார். 2015இல் ஐ.நா. இடைநீக்கம் செய்தது அவரைத்தான். ஐ.நா. கடமை தவறியது என்று தனி விசாரணைக் குழு அந்த டிசம்பரில் எழுதிய பிறகே அவர்மீதிருந்த பழி நீங்கியது. பிரான்சில் வழக்கு யார்மீதும் குற்றச்சாட்டு இல்லாமல் முடிந்தது.

பையன்கள் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பேசினார்கள். அந்தப் பேச்சைச் சுமக்கத்தான் காகிதத்துக்குத் தெம்பில்லை.

5

இனி நம் கதைக்கு வருகிறேன். நாங்கள் ஃபூக்கோவைப் படித்துத்தான் வளர்ந்தோம். பாலியலின் வரலாறு முதல் தொகுதியில் ஒரு சம்பவம் வரும். 1867, பிரான்சில் லாப்கூர் என்ற கிராமம். ஒரு பண்ணையாளுக்கும் ஒரு சிறுமிக்கும் இடையில் நடந்த ஒன்று மருத்துவர், நீதிபதி, நிபுணர் என்று பெரிய விசாரணையாகிறது. சின்ன விஷயத்தை அதிகாரம் எப்படி ஊதிப் பெருக்குகிறது என்று காட்ட ஃபூக்கோ அதை எடுத்துக்கொள்கிறார். படித்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சிறுமிக்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்பது எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஸ்டாக்ஹோம் மாநாடு நடந்த அதே 1996இல் லிண்டா அல்காஃப் இதைக் கேள்விக்குள்ளாக்கி எழுதினார். நாங்கள் அதை வாசிக்கவும் இல்லை.

1977 ஜனவரியில் பாரிஸ் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. சிறுவர் சிறுமியரிடம் பாலியல் குற்றம் செய்ததாகச் சிறையிலிருந்த மூவருக்கு ஆதரவாக. சார்த்தர், சிமோன் த பூவா, பார்த், தெல்யூஸ் எல்லாரும் கையெழுத்து. அதே மே மாதம் சம்மத வயதுச் சட்டங்களைத் திருத்தக் கோரிய இன்னொரு மனுவில் ஃபூக்கோவும் தெரிதாவும். ஒருபால் உறவுக்கு மட்டும் கூடுதல் வயது வைத்திருந்த அநியாயத்தை எதிர்த்ததில் நியாயம் இருந்தது. அதனோடு சேர்த்துக் குழந்தையின் ‘சம்மத’த்தையும் விடுதலை என்று எழுதிவிட்டார்கள். ஜனவரிக் கடிதத்தை வரைந்தவர் காப்ரியேல் மாட்ஸ்நெஃப். பதினான்கு வயதில் அவரிடம் மாட்டிக்கொண்ட வனெஸ்ஸா ஸ்ப்ரிங்கோரா ‘சம்மதம்’ என்ற பெயரிலேயே 2020இல் புத்தகம் எழுதிய பிறகுதான் பிரான்சு உலுக்கப்பட்டது. பதினைந்துக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அங்கே சட்டம் வந்தது 2021இல்.

அப்படியானால் அதிகாரத்தைச் சந்தேகிப்பது தப்பா? இல்லை. நம் ஊரைப் பாருங்கள். 2012இன் போக்சோ சட்டத்தைப் பதினேழு வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் பெற்றவர்கள் கையிலெடுக்கிறார்கள். சாதி தன் வேலையைச் சட்டத்தின் கையால் செய்துகொள்கிறது. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க வந்ததல்ல இந்தச் சட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021 ஜனவரியில் சொன்னது. “நானாத்தான் போனேன்” என்று அந்தப் பெண் சொல்வதை யாரும் கேட்பதில்லை. “அந்த மாமா வேண்டாம்” என்று எட்டு வயசுப் பிள்ளை சொல்வதையும் யாரும் கேட்பதில்லை. கேட்பது என்றால் எல்லா வயதிலும் சம்மதமாக எடுத்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. எட்டு வயசுப் பிள்ளையிடம் சம்மதம் என்ற கேள்விக்கே இடம் கிடையாது. ஆனால் அதன் சொல்லுக்கு இடம் உண்டு. பாரிஸ் அறிஞர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். அவர்கள் மனுவில் குழந்தைக்காகப் பேசியது அவளைத் தொட்டவன்.

6

2016இல் லக்ஸம்பர்க்கில் எக்பாட்டும் பல சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து சொற்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டன. ‘குழந்தை விபச்சாரம்’ என்று எழுதாதே, குழந்தை விபச்சாரம் செய்வதில்லை, சுரண்டப்படுகிறது. ‘குழந்தை ஆபாசப்படம்’ என்று எழுதாதே, அது படமல்ல, ஒரு கொடுமையின் பதிவு. வேடிக்கை என்னவென்றால், ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறையின் தலைப்பிலேயே அந்த இரண்டு சொற்களும் இருக்கின்றன.

இந்தச் சொல் மாற்றம் ஏதோ நாகரிகத்துக்காக வந்ததல்ல. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், அத்தகைய படத்தைத் தனியாகப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கை ரத்து செய்தது. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ‘குழந்தை ஆபாசப்படம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் இனிப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ‘ஆபாசம்’ என்றால் பார்க்கிறவனின் ஒழுக்கம் பற்றிய கேள்வி. ‘கொடுமையின் பதிவு’ என்றால் உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதற்கு மறுபடி நடக்கிறது. சொல் மாறியதும் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது. அக்கா கேட்டதும் இதைத்தானே?

ஆனால் மேலே சொல் மாறினால் கீழே தானாக மாறிவிடாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வழக்கில் பிள்ளைக்குத் துணையாக இருந்த தோழியோடு நானும் போய்வந்தேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். பிள்ளை சொன்னது: “அந்த மாமா வந்தா எனக்கு வயிறு வலிக்கும். மோட்டார் ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவேன்.” குழந்தை பேசியபடியே பதிவு செய்ய வேண்டும் என்பது போக்சோவின் 25, 26ஆம் பிரிவுகள். தாளில் இருந்ததோ இது: ‘மேற்படி எதிரி என்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார்.’ எழுதியவர் கெட்டவரில்லை. வழக்கு நிற்கணுமே என்ற அக்கறையில் எழுதியவர். பிறகு விசாரணையில், சட்டப்படி நீதிபதி வழியாகவே, கேள்வி வந்தது: “பாலியல் ரீதியாகன்னு சொல்லியிருக்கியேம்மா, அப்படின்னா என்ன?”

பிள்ளை “தெரியாது” என்றது. அந்தத் ‘தெரியாது’ மட்டும் பேசியபடியே பதிவானது.

வயிறு வலித்ததும் மோட்டார் ரூமும் சாட்சியம். அவற்றை அழித்தது நம்முடைய நல்ல தமிழ். ‘பாலியல் வன்கொடுமை’ என்ற சொல்லைக் ‘கற்பழிப்பு’க்கு எதிராகப் பெண்ணியத் தோழர்கள் போராடிக் கொண்டுவந்தார்கள். அது தேவை, அதை விடக் கூடாது. ஆனால் அது நாம் குற்றத்துக்கு வைக்கிற பெயர். பிள்ளையின் வாயில் திணிக்கிற பெயராக அது ஆகும்போது, காப்பாற்ற வந்த சொல்லே பிள்ளையை ஊமையாக்கிவிடுகிறது.

எழுதுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ‘சீரழிக்கப்பட்ட சிறுமி’, ‘கெட்டுப்போனவள்’, ‘மொட்டு கருகியது’ இவையெல்லாம் நம் கதைகளிலிருந்தும் கவிதைகளிலிருந்துந்தான் செய்தித்தாளுக்கும் காவல் நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தன. திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதும் நாமே. களத்தில் வேலை செய்கிற தோழர்கள் பிள்ளை சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே ஒரு தாளிலாவது தனியாக எழுதி வைக்கட்டும். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஜெனீவாவில் எழுதிய 12ஆம் பிரிவு நம் ஊருக்கு வந்து சேர்வது அந்தத் தாளில்தான்.

என் பழைய கதையை ஒரு தொகுப்பில் சேர்க்கக் கேட்டார்கள். திருத்த உட்கார்ந்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன், கடைசி வரியையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் அந்தப் பிள்ளை என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. கதை முழுக்க அவள் ஒரு தரம்கூட வாய் திறக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். தொகுப்புக்குக் கதையைக் கொடுக்கவில்லை.